கொடுமணல் ஓடும் ஜப்பானியக் கிண்ணமும்

மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்கிய இறைவனைப் பற்றிக் கூறித் தொடங்குகிறது நமது விவிலியம். எரேமியா இறைவாக்கினரைக் குயவன் வீட்டுக்கு அனுப்புகிறார் ஆண்டவர். சக்கரத்தின்மேல் கெட்டுப்போன மண்ணைக் குயவன் எறிந்துவிடாமல் மீண்டும் வேறொரு கலமாக வனைவதை அங்கே அவர் காண்கிறார். மண்பாண்டங்களில் வைக்கப்பெற்ற செல்வத்தைப் பற்றிக் கொரிந்து நகர மக்களுக்கு எழுதுகிறார் புனித பவுலடியார். திருப்பலியில் இவ்வாசகங்களைப் பயபக்தியோடு கேட்கும் நாம், குயவரைப் பற்றியும், அவர் கை மண்ணைப் பற்றியும், அம்மண்ணைச் சுடும் தீயைப் பற்றியும் எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

இக்கேள்வியை உள்ளத்தில் வைத்துக்கொண்டு, பெருந்துறையில் தொடங்கிப் புதுச்சேரிவரை நாங்கள் சிலர் மேற்கொண்ட பயணத்தின் செய்திகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். இடையில் ஜப்பான் நாட்டின் வரலாற்றுக்குள்ளும் சற்றே புகுந்து வர நேரும். அந்நாட்டின் மண்கலத் தொழிலுக்கும் நமது கொங்கு மண்ணுக்கும் என்ன தொடர்பு என்று ஐயுற வேண்டா. தொடர்பு உண்டு என்பதைப் போகப் போகக் காண்போம்.

நொய்யலின் வடகரையில்

பெருந்துறை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவன நெடுஞ்சாலையும், சிப்காட் தொழிற்பேட்டையும், முன்னாளில் காசநோய் மருத்துவமனையாக விளங்கிப் பின்னர் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த வளாகமுமே. ஆயினும் தொழிற்பேட்டை என்பது இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. ஏறத்தாழ ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கொரு தொழில் நகரம் இருந்தது. அதுவே கொடுமணல்.

பெருந்துறையிலிருந்து தெற்கே சென்னிமலை. கைத்தறிப் போர்வைக்குப் பேர்போன அவ்வூரைக் கடந்து மேற்கே திரும்பினால், சோளக்காடுகளும் வேலமரங்களும் மாறி மாறி வர, நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணலை அடைகிறோம். இன்று பார்ப்பவர்க்கு அது ஓர் எளிய சிற்றூர். மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரர் தலைநகராகிய கரூருக்குச் சென்ற பழைய பெருவழியிலோ அது ஒரு முக்கியமான தங்கிடம். சங்க நூலாகிய பதிற்றுப்பத்து இவ்வூரைக் 'கொடுமணம்' என்னும் பெயரால் குறித்து, இங்குக் கிடைத்த அணிகலன்களின் சிறப்பைப் பேசுகிறது.

1985 முதல் 1990 வரை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் இங்கே அகழாய்வு நடத்தின. 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராஜன் தலைமையிலும், அதன் பின்னர்த் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினராலும் பணி தொடர்ந்தது. இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகள், மூசைகள், சங்கு வளையல்கள், நீலக்கல், பச்சைக்கல், சூதுபவளம், பளிங்கு ஆகியவற்றாலான மணிகள், அறுக்கப்பட்டும் துளையிடப்படாமலும் பாதியில் நின்றுபோன கற்கள் எனப் பட்டறையின் எல்லா நிலைகளும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன.

எனினும் எங்கள் கண்ணைக் கவர்ந்தவை மணிகள் அல்ல, பானை ஓடுகளே. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடுகள் ஒருவகை. கலத்தைக் கவிழ்த்து, உள்ளே காற்றுப் புகாவண்ணம் சுட்டமையால் உட்புறம் கறுத்தது. காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது. மற்றொருவகை, கொங்கு நாட்டின் தனிச்சிறப்பாக ஆய்வாளர் கருதுவது. வெண்ணிறக் களிமண் கரைசலால் கோடும் வளைவும் வரைந்து, அதன்மேல் செங்காவியை மெல்லிதாகப் பூசிச் சுட்டது. காவித் திரையினூடே வெண்கோடுகள் மங்கலாகத் தெரியும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இவ்வோடுகளில் நூற்றுக்கணக்கானவை எழுத்துடையவை. ஆதன், சாத்தன், சம்பன் சுமணன் என்று பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அரசர் கல்லில் வெட்டுவித்த எழுத்தன்று இது. குடியானவரும் கைவினைஞரும் வணிகரும் தம் வீட்டுப் பானையில் தாமே கீறிக்கொண்ட எழுத்து. திருமணச் சீர்வரிசைக்கு வாங்கும் எவர்சில்வர் குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டித் தரச் சொல்லிப் பாத்திரக்கடையில் காத்திருக்கிறோம் அல்லவா? அவ்வழக்கத்தின் மூதாதையர் இவர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பானையை உடையவன் பெயரே பெரும்பாலும் பானையில் இருக்கிறது. அதை வனைந்தவன் பெயரை யாரும் எழுதவில்லை. இந்த எண்ணம் பயணம் முழுவதும் எங்களைப் பின்தொடர்ந்தது.

குயவர் வீட்டு வாசலில்

திரும்பும் வழியில் ஒரு குயவர் குடும்பத்தின் வாசலில் அமர்ந்தோம். ஜப்பானில் பல்லாண்டுகள் பணியாற்றித் திரும்பிய அருட்சகோதரி ஒருவர் எங்களிடம் கொடுத்திருந்த தேநீர்க் கிண்ணம் ஒன்று கையிலிருந்தது. கரும்பழுப்பு நிறம், விளிம்பில் சாம்பல் வெண்மை, ஒருபுறம் வழிந்து துளியாய் உறைந்த கண்ணாடி போன்ற மெருகு. அதைப் பெரியவரிடம் நீட்டினோம்.

அவர் அதன் நிறத்தைப் பார்க்கவில்லை. முதலில் கவிழ்த்து அடியைத் தடவினார். பின் விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். மணி போன்ற நாதம் எழுந்தது. "இது மண்ணு இல்லீங்க, கல்லாயிருச்சுங்க" என்றார். நம் ஊர் மண்ணில் இப்படிச் செய்ய இயலாதா என்று வினவினோம். "நம்ம மண்ணு அந்தச் சூடு தாங்காதுங்க. தொவண்டு உருகிப்போயிருமுங்க" என்று விடையிறுத்தார். சற்றுப் பொறுத்து, சிரித்துக்கொண்டே, "இதுல தண்ணி வெச்சாக் குளுராதுங்களே!" என்றார்.

ஆராய்ச்சி நூல் பலவற்றின் சாரம் இம்மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது என்றே சொல்லவேண்டும்.

நம் ஊர்ச் சூளையின் வெப்பம் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி வரையே. அவ்வெப்பத்தில் களிமண் இறுகுமேயன்றி, அதன் நுண்துளைகள் அடைபடா. துளை வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகும்போது பானையிலுள்ள நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, நீர் குளிர்கிறது. சித்திரை வெயிலில் கொங்கு நாட்டான் தாகம் தீர்க்கும் பானைக்கு அத்துளைகளே உயிர். ஜப்பானியக் கிண்ணமோ 1200 முதல் 1300 டிகிரி வரை சுடப்பட்டது. அவ்வெப்பத்தில் தகுந்த மண்ணின் துளைகள் மூடிக்கொள்ளும், மண் கல்லாகும், நீர் கசியாது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடி இந்த இனத்தைச் சேர்ந்ததே. உப்பும் புளிப்பும் எண்ணெயும் ஊறும் கலம் கசியலாகாது; குடிநீர்ப் பானை கசிந்தே ஆகவேண்டும். எது உயர்ந்தது என்னும் வினாவுக்கு இங்கு இடமில்லை. கலம் எதற்கு என்பதே வினா.

பெரியவரின் நிலைமையையும் கேட்டறிந்தோம். பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல், மாரியம்மன் நோன்புக்கு அக்கினிச்சட்டி, நேர்த்திக்கடனுக்கு மண் உருவாரம் — இவையே இன்று அவரது வருவாய். அன்றாடச் சமையலுக்கென வாங்குவோர் அருகிவிட்டனர். மழைக்காலத்தில் தொழில் இல்லை. குளத்து மண் எடுக்க அனுமதி வேண்டும். 2017இல் அரசு விதியைத் தளர்த்தி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க வழிசெய்தாலும், வண்டி வைத்துக் கொணரும் செலவு குயவருடையதே. நொய்யலின் நிலையோ யாவரும் அறிந்தது. 1992இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீர்க்கு மாறாகச் சாயக்கழிவு தேங்கியதும், சுற்றுப்புற நிலமும் கிணறும் கெட்டதும் நீதிமன்றம்வரை சென்ற செய்தி.

பெரியவரின் மகன் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். பேரனுக்குச் சக்கரம் சுற்றத் தெரியாது. "வாங்கறவங்க இருந்தா வனையற கை நிக்காதுங்க" என்றார் பெரியவர். குறைகூறும் தொனி அதில் இல்லை. ஆயினும் எங்களுக்கு அது உறைத்தது. வாங்காதவர்களில் நாமும் அடக்கமன்றோ?

கல்லை உருக்கும் கலை

தமிழகத்தில் எங்கேனும் மண் அந்தத் தீயைத் தாங்குகிறதா என்று பார்க்கவே புதுச்சேரி நோக்கிப் புறப்பட்டோம். நமது கோவை மறைமாவட்டமே ஒரு காலத்தில் புதுவை மறைப்பணித் தளத்தின் பகுதியாய் இருந்து, 1850இல் தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிந்தது; 1886இல் மறைமாவட்டமாயிற்று. வேத போதகர்கள் மாட்டு வண்டியில் வந்த திசையை எதிர்நோக்கிச் சென்றோம் எனலாம்.

சேலத்தைக் கடக்கையில் வெண்மையாய்த் தோன்றும் குன்றுகளைப் பயணிகள் பலர் கண்டிருப்பர். அங்குக் கிடைக்கும் மாக்னசைட் என்னும் வெண்கல், உருக்காலை உலைகளின் உட்சுவருக்கான தீத்தாங்கு செங்கல் செய்யப் பயன்படுவது. கிழக்கே விருத்தாசலம் சென்றால் அங்குப் பீங்கான் தொழில் நடைபெறுகிறது. பொம்மைகளும் மின்கம்பிக்குரிய பீங்கான் பொருள்களும் செய்யும் சிறு தொழிற்கூடங்களும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்விக்கூடமும் உள்ளன. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. தீயைத் தாங்கும் மண் தமிழ்நாட்டிலும் உண்டு என்பதற்கு இவ்வழியே சான்று.

இனி அந்தக் கண்ணாடி மெருகு எப்படி உண்டாகிறது? மணலிலும் வெங்கச்சங்கல்லிலும் உள்ள சிலிக்கா என்னும் பொருளே கண்ணாடியாவது. தனியே அதை உருக்க மிகக் கொடிய வெப்பம் வேண்டும். அதனுடன் பெல்ஸ்பார் என்னும் கல்லின் தூளையும் மரச்சாம்பலையும் சேர்த்தால், சாம்பலிலுள்ள சுண்ணமும் காரமும் கல்லை எளிதில் உருகச் செய்யும். இவற்றை நீரில் கரைத்துக் கலத்தின்மேல் ஊற்றிச் சுட்டால், கலத்தோடு ஒட்டிய கண்ணாடிப் போர்வை கிடைக்கும். கரைசலில் இரும்புத்துரு நிறையச் சேர்ந்தால் கருமையும் பழுப்பும். ஒன்றிரண்டு விழுக்காடு மட்டும் இருந்து, காற்றைக் குறைத்துச் சுட்டால் இளம்பச்சை. நெல் உமியின் சாம்பலில் சிலிக்கா மிகுதி. ஆகவே அது பால்போன்ற வெண்மையைத் தருகிறது. ஜப்பானியர் வைக்கோலையும் உமியையும் வீணாக்காது இதற்கே பயன்படுத்தினர்.

இங்கே ஓர் எண்ணம் தோன்றிற்று. காங்கயம் பகுதியில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல், பெல்ஸ்பார் இனத்தைச் சேர்ந்ததே. வெங்கச்சங்கல்லோ கொங்கு நாட்டுக் காடெங்கும் கிடக்கிறது. அவ்வினக் கற்களைக் கொடுமணல் மக்கள் அறுத்துத் துளையிட்டு மணியாக்கினர். கடல் கடந்து விற்றனர். ஜப்பானியர் அதே இனக் கற்களை இடித்துத் தூளாக்கி, உருக்கிக் கலத்துக்கு ஆடையாக்கினர். எஃகை உருக்கும் தீ கொடுமணலாரிடம் இருந்தது. அதைத் தாங்கும் மண்மூசையும் இருந்தது. ஆனால் வீட்டுப் பானையை அத்தீயில் இட அவர்களுக்குத் தேவை எழவில்லை. வெப்ப நாட்டார்க்குக் குளிர்நீர்ப் பானை. குளிர் நாட்டார்க்குச் சூடான தேநீரைக் காக்கும் கிண்ணம்.

சவேரியார் சென்ற நாட்டில்

ஜப்பானியர்க்கு இக்கலை வானத்திலிருந்து வரவில்லை. ஐந்தாம் நூற்றாண்டளவில் கொரியாவிலிருந்து வந்த குயவர்கள் சரிவான நிலத்தில் அமைந்த நீண்ட சூளையையும் உயர்வெப்பத்தையும் அங்குப் புகுத்தினர். விறகுச் சாம்பல் காற்றில் பறந்து கலத்தின் தோளில் படிந்து தானே கண்ணாடியாக உருகுவதை அவர்கள் கண்டனர். பிற்காலத்தில் சீனத்துக் கலங்களைப் பார்த்துச் செத்தோ என்னும் ஊரார் வேண்டுமென்றே சாம்பற்கரைசலைப் பூசினர். செத்தோ, தொகோநாமே, எச்சிசென், ஷிகராகி, தம்பா, பிசென் ஆகிய ஆறும் அந்நாட்டின் பழம்பெருஞ் சூளைகள் எனப் போற்றப்படுகின்றன. 1592 முதல் 1598 வரை நடந்த கொரியப் படையெடுப்புகளின்போது சிறைபிடித்து வரப்பட்ட கொரியக் குயவரால் தென்மேற்கு ஜப்பானில் புதிய சூளைகள் எழுந்தன. அழகிய கிண்ணங்கள் பலவற்றின் பின்னே சொந்த மண்ணை இழந்தோரின் கண்ணீர் உண்டு என்பதை மறத்தல் தகாது.

நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் மறைப்பணி ஆற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமாவில் கால்வைத்தார். அவரை 1551இல் வரவேற்ற புங்கோ நாட்டுச் சிற்றரசர் ஓத்தோமோ சோரின், 1578இல் பிரான்சிஸ் என்னும் பெயரோடே திருமுழுக்குப் பெற்றார். அவரைக் காணச் சென்றவர், இந்தியாவிலும் பணியாற்றிய இயேசு சபைப் பார்வையாளர் அலெக்சாந்திரோ வலிஞானோ அடிகள். சிற்றரசர் தம் செல்வத்துள் சிறந்ததெனக் காட்டிய பொருளைக் கண்டு அடிகள் திகைத்தார். தேயிலைத்தூள் வைக்கும் சிறு மண்குப்பி அது. அரசர் அதற்குக் கொடுத்த விலை 9000 வெள்ளித் தேல். பறவைக்கூண்டில் தண்ணீர் வைக்கவன்றி வேறெதற்கும் உதவாதென்றே தமக்குத் தோன்றியதாக அடிகள் எழுதிவைத்துள்ளார். ஆயினும் அவர் இகழ்ந்து ஒதுக்கவில்லை. இம்மக்களின் உள்ளத்தை அடைய இவர்களது தேநீர் மரபை மதிக்கவேண்டும் என்று கண்டு, சபையின் இல்லங்களில் வருவோர்க்கு முறைப்படி தேநீர் அளிக்க ஏற்பாடு செய்தார்.

அத்தேநீர் மரபின் பேராசான் சென் நோ ரிக்கியூ. காலம் 1522 முதல் 1591 வரை. பொன்னும் பகட்டும் விடுத்து, சிறு குடிலில், எளிய கிண்ணத்தில், ஏற்றத்தாழ்வின்றித் தேநீர் பகிர்தலை அவர் கற்பித்தார். வீரனும் வாளை வெளியே வைத்துக் குனிந்தே உள்ளே நுழையவேண்டும். அவருடைய தலைமாணாக்கர் எழுவருள் ஒருவராக எண்ணப்படுபவர் யுஸ்தோ தக்கயாமா உக்கோன் என்னும் கிறிஸ்தவச் சிற்றரசர். 1587இல் ஆட்சியாளர் கிறிஸ்தவத்துக்கு எதிராக ஆணையிட்டபோது, விசுவாசத்தை விடமாட்டேன் என்று நாட்டையும் பட்டத்தையும் விட்டார். 1614இல் நாடுகடத்தப்பட்டு, 1615இல் மணிலாவில் உயிர்நீத்தார். 2017 பிப்ரவரி 7ஆம் நாள் ஒசாக்கா நகரில் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். கோட்டையை இழக்க அஞ்சாத அவர் தேநீர்க் குடிலைச் செபத்துக்கேற்ற அமைதி இடமாகக் கொண்டிருந்தார் என்பர். மண்கிண்ணத்தை இரு கைகளால் ஏந்தப் பழகியவர்க்கு, பொற்கிண்ணத்தை விடுதல் எளிதாயிற்று போலும்.

அழிவின் விளிம்பிலிருந்து

ஜப்பானிலும் குயவர்க்கு இறங்குமுகம் வந்தது. தோக்கியோவுக்கு வடக்கே மசிக்கோ என்னும் ஊரில் 1853இல் தொடங்கிய சூளைகள், தண்ணீர்த் தொட்டியும் ஊறுகாய் ஜாடியும் சமையல் கலமும் செய்து வந்தன. ஆலைப் பொருள்களும் உலோகப் பாத்திரங்களும் பெருகவே, கைக்கலத்துக்கு மதிப்புக் குறைந்தது. நம் பெரியவர் இன்று நிற்கும் இடத்தில்தான் அன்று மசிக்கோ நின்றது.

அவ்வேளையில் யனாகி சோயெத்சு என்னும் அறிஞரும் அவர் நண்பர்களும், பெயரறியாக் கைவினைஞர் அன்றாடப் பயனுக்கெனச் செய்த பொருள்களிலேயே தனியழகு உண்டு என்று 1925 முதல் ஒரு கருத்தியக்கத்தைத் தொடங்கினர். 1936இல் தோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகம் கண்டனர். அவர்களுள் ஒருவரான ஹமாதா ஷோஜி 1924இல் மசிக்கோவுக்கே குடிவந்தார். ஊர் மண்ணையும் ஊர்ச் சாம்பலையும் கொண்டே வனைந்தார். தம் கலங்களில் பெயர் பொறிக்கவில்லை. 1955இல் அரசு அவரை நாட்டின் வாழும் செல்வமாகச் சிறப்பித்தது. 2011 நிலநடுக்கத்தில் அவரது ஏறுசூளை சிதைந்தபோது அதனை மீண்டும் எழுப்பித் தீமூட்டினர். இன்று அவ்வூரில் நூற்றுக்கணக்கான குயவர் வாழ்கின்றனர்; ஆண்டுக்கு இருமுறை கூடும் பாண்டச் சந்தைக்கு மக்கள் திரண்டு வருகின்றனர்.

மசிக்கோவைக் காத்தது அருங்காட்சியகம் மட்டுமன்று. குடும்பங்கள் அக்கலங்களை வாங்கிச் சோறு உண்டன, தேநீர் பருகின. அதுவே காத்தது.

புதுவையில் மூண்ட தீ

இந்த இயக்கத்தின் பொறி இந்தியாவுக்கும் வந்தது. 1919இல் ஜப்பான் சென்று யனாகி, ஹமாதா முதலியோருடன் பழகிய சர்தார் குர்சரண் சிங், பின்னாளில் 1952இல் தில்லியில் தம் பட்டறையை நிறுவினார். தமிழ்நிலத்தையொட்டிய புதுச்சேரியிலோ 1971இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் அமெரிக்கர் இருவர் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்கலப் பட்டறையைத் தொடங்கினர். டெபோரா ஸ்மித் ஜப்பானிய மொழியறிந்தவர். பழம்பெருஞ் சூளையாகிய பிசெனில் தொழில் பயின்றவர். இங்குக் கிடைக்கும் மண்ணையும் கல்தூளையும் ஆய்ந்து கலந்து, சவுக்கு விறகால் சூளை மூட்டி, கல்லாய் இறுகும் மெருகிட்ட கலங்களை அவர்கள் உருவாக்கினர். அக்கம்பக்கத்துச் சிற்றூர்த் தமிழர் பலர் அங்கு வேலைக்கு வந்து கைத்திறன் பெற்றனர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்து பயின்றனர். ரே மீக்கர் 1980களில் மண்வீடு கட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப்பார்த்த முயற்சியும் பேர்பெற்றது. இன்று புதுவையிலும் ஆரோவில் சுற்றுப்புறத்திலும் இவ்வகைக் கலம் செய்யும் பட்டறைகள் பல உள்ளன.

அவற்றுள் ஒரு சிறு பட்டறையில் சூளை பிரிக்கும் வேளையில் நாங்கள் சென்று சேர்ந்தோம். வெளியே வரும் ஒவ்வொரு கலத்தையும் ஏந்திப் பார்த்தார் அங்கு வேலை செய்யும் ஒரு சகோதரர், வில்லியனூர்ப் பக்கத்துக்காரர். சிலவற்றைத் தனியே ஒதுக்கினார். ஏன் என்றோம். "அடியில மெருகு வழிஞ்சு ஒட்டிக்கிச்சு. தீ அந்தப் பக்கம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். எவ்வளவு கணக்கிட்டாலும் கடைசிச் சொல் தீயினுடையதே என்பதை அவர் புன்னகை உணர்த்திற்று. எரேமியா கண்ட குயவன் இத்தகையவனாகவே இருந்திருக்கவேண்டும்.

ஒரு கிண்ணத்தின் விலையைக் கேட்டோம். கொங்கு நாட்டுப் பானைகள் பலவற்றின் விலை அது. நியாயமற்றது என்று சொல்லோம். விறகும் உழைப்பும் சேதமும் சேர்ந்த விலை. ஆனால் இக்கிண்ணத்துக்கு இத்தனை தரத் துணியும் நகரத்தார், சென்னிமலை அடிவாரத்துப் பெரியவரின் தண்ணீர்ப் பானைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகின்றனரே, அதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. இருவர் கையும் ஒரே தொழிலைத்தானே செய்கின்றன?

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பழமையைப் போற்றுவோம் என்று மேடையில் முழங்குவதால் ஒரு குயவரின் அடுப்பும் எரியாது. அவர் தொழில் வாழ நாம் செய்யத்தக்கவை எளியவை. கோடையில் வீட்டுக்கொரு தண்ணீர்ப் பானை வாங்கலாம். மீன்குழம்புக்கும் தயிருக்கும் மண்சட்டியைப் பயன்படுத்தலாம். புதுச்சட்டியை அரிசி கழுவிய நீரில் ஊறவைத்துப் பழக்கும் முறையை மூத்த தாய்மார்கள் இளம் மருமகள்களுக்குக் கற்பிக்கலாம். பங்குகளில் கொண்டாடும் பொங்கல் விழாவுக்கு அலுமினியப் பாத்திரத்தை விடுத்து மண்பானையைக் கொணரலாம். கிறிஸ்மஸ் குடிலுக்குரிய திருவுருவங்களை அச்சில் வார்த்த பொம்மைகளாகவே வாங்காமல், உருவாரம் செய்யப் பழகிய அக்கைகளிடம் மாட்டையும் கழுதையையும் இடையரையும் செய்யச் சொல்லலாம். மரியன்னை சபையோ, வின்சென்ட் தே பவுல் சபையோ இதனை முன்னின்று நடத்தினால் ஓர் ஊரில் இரண்டு குடும்பமேனும் தலைநிமிரும். பேரம் பேசாமல் வாங்குவதும் பிறரன்புப் பணியே.

குழந்தைகளைக் கொடுமணலுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர் நம் ஊர்க் குடியானவர் எழுத்தறிந்திருந்தனர் என்பதை அவர்கள் கண்டு மகிழட்டும். வரும் வழியில் ஒரு குயவர் வீட்டிலும் இறங்குங்கள். அவர் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பானையை வைத்திருந்த ஆதனையும் சாத்தனையும் நாம் இன்று அறிவோம், வனைந்தவரை அறியோம். அன்று நேர்ந்த அக்குறையைத் திருத்த நம்மால் ஆகாது. இன்று நம்மிடையே வனைந்துகொண்டிருப்பவரை அறியாமல் விடுவதற்கோ நமக்கு எந்தக் காரணமும் இல்லை.